பாமினியிலிருந்து தமிழ்99க்கு மாறுவதும் தந்தையின் எம்.டி. 90ஐ மீண்டும் ஓடவைப்பதும்: ஒரே மாரியில் இரண்டும் முடியுமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு விடயங்கள். தட்டச்சும் நிழற்படப் பிரதியும் அழைப்பிதழும் செய்து கொடுக்கும் கடையில் 12 ஆண்டுகளாகப் பாமினி என்னும் பழைய தமிழ் எழுத்துருவில் வேலை செய்கிறீர்கள். இப்போது பாடசாலைகளும் திணைக்களங்களும் யூனிகோட் கோப்புகளைக் கேட்பதால், இந்தச் சாட்டோடு தமிழ்99 விசைப்பலகைக்கே மாறிவிடலாமா என்று யோசிக்கிறீர்கள். மற்றையது, காலஞ்சென்ற தந்தையாரின் ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் பின்தாழ்வாரத்தில் 9 ஆண்டுகளாக நிற்கிறது. அதைக் கழற்றிப் புதிதுபோல் ஆக்கிவிட வேண்டும் என்று விரும்புகிறீர்கள். இரண்டையும் வருகிற மாரியில் ஒன்றாகத் தொடங்கலாமா என்பது நீங்கள் எழுத்தில் கேட்ட கேள்வி. உங்கள் குறிப்பை மறுபடியும் வாசித்தபோது, உங்களை உண்மையில் உறுத்துவது வேறொன்று என்று எனக்குப் பட்டது: பழையதில் எவ்வளவை விட்டுவிடுவது, எவ்வளவை வைத்துக்கொள்வது, பழையது கைவிட்டுப் புதியது கைவராத அந்த இடைக்காலத்தில் பிழைப்பும் பயணமும் நின்றுபோகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதே அது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

மட்டக்களப்பில் இளைஞர்களுக்கு மோட்டார் சைக்கிள் திருத்தும் தொழிலைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் நான். பாடக் குறிப்புகளையும் வினாத்தாள்களையும் நானே தமிழில் தட்டச்சிட வேண்டியிருந்ததால் பாமினியிலிருந்து தமிழ்99க்கு மாறினேன். பிறகு உடன் பணியாற்றிய சிலருக்கும் அதைப் பழக்கினேன். ஆகவே இயந்திரம் பற்றி நான் சொல்வதைத் தொழிலறிவாகவும், விசைப்பலகை பற்றிச் சொல்வதை நீண்டகாலம் பாவித்த ஒருவனின் அனுபவமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். என் முடிவு இதுதான்: இரண்டையும் ஒரே காலத்தில் செய்யலாம், ஆனால் இரண்டுக்கும் வேண்டிய வழிமுறைகள் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. விசைப்பலகையை மாற்றுவதென்றால் ஒரேயடியாக மாற்ற வேண்டும். காலையில் பழையதும் மாலையில் புதியதுமாக வைத்துக்கொண்டால் இரண்டுமே கெடும். வண்டியையோ ஒரேயடியாகக் கழற்றவே கூடாது; ஒன்றைத் தொட்டு, அது சரியாயிற்றா என்று சோதித்த பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் திட்டமோ தட்டச்சை நாளுக்கு அரை மணி நேரமாகப் பழகுவது, வண்டியை முதல் வாரத்திலேயே முழுவதும் கழற்றிவிடுவது என்று தலைகீழாக இருக்கிறது.

தட்டச்சிலிருந்து தொடங்குகிறேன். எழுத்துரு, குறியேற்றம் (எழுத்துகள் கோப்பில் பதியும் முறை), விசைப்பலகை ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. நம் கடைகளில் 'பாமினி' என்ற ஒரே பெயருக்குள் மூன்றும் கலந்து கிடப்பதால்தான் இத்தனை குழப்பம். பாமினியில் ஜே, கே, பி, ஓ விசைகளையும் அரைப்புள்ளி விசையையும் அடுத்தடுத்து அழுத்தினால் திரையில் 'தமிழ்' என்று தெரியும். ஆனால் கோப்பில் பதிந்திருப்பவை அந்த ஆங்கில எழுத்துகளே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் மறைந்து ஆங்கிலக் குவியல் மட்டும் எஞ்சும். யூனிகோட்டில் தமிழுக்கென்று தனி இடம் 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலிருந்தே இருக்கிறது. எந்த எழுத்துருவை இட்டாலும் த என்பது த ஆகவே நிற்கும். பாடசாலையும் திணைக்களமும் உங்களிடம் கேட்பது குறியேற்ற மாற்றத்தை மட்டுமே. விரல்கள் எந்த வரிசையில் ஓட வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை.

இது ஏன் முக்கியம் என்றால், உங்கள் விரல்களை மாற்றாமலேயே யூனிகோட்டுக்குப் போகலாம். இலங்கைத் தரநிலை 1326இல் உள்ள ரெங்கநாதன் விசைப்பலகை பழைய தமிழ்த் தட்டச்சுப்பொறி வரிசையைத் தழுவியது. பாமினி வரிசையும் அதே மரபில் வந்ததே. இ-கலப்பை, என்.எச்.எம். எழுதி போன்ற இலவச மென்பொருள்களில் பாமினி வரிசையிலேயே அடித்து யூனிகோட்டாகப் பெறும் வசதியும் உண்டு. ஆகவே நாளை காலையே ஒரு பாடசாலை வினாத்தாளை யூனிகோட்டில் கொடுக்க வேண்டியிருந்தால் தமிழ்99 தேவையில்லை. இதை இன்றே நிறுவி வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தின் நெருக்கடியில் விசைப்பலகையை மாற்றத் தொடங்கியவர்கள் பாதியில் கைவிடுவதையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். அந்த அவசரத்தை முதலில் தீர்த்துவிட்டால், தமிழ்99 வேண்டுமா என்பதை அமைதியாகத் தீர்மானிக்கலாம்.

தமிழ்99 என்பது 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசால் ஏற்கப்பட்ட வரிசை. உயிர் எழுத்துகள் இடக்கையிலும் மெய்களில் பெரும்பாலானவை வலக்கையிலும் அமைந்திருக்கின்றன. அடிக்கடி வரும் க, ப, ம, த, ந ஆகியன வலக்கையின் நடு வரிசையிலும், அ, இ, உ, எ ஆகியனவும் புள்ளியும் இடக்கையின் நடு வரிசையிலும் கிடைக்கும். உயிர்மெய்யை அதன் இலக்கணப்படியே மெய்யும் உயிருமாக அடிக்கிறோம். பாமினியில்போல் கொம்பை முதலில் அடித்துப் பின் எழுத்தை அடிக்கும் வழக்கம் இதில் இல்லை. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழும்; ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்னும் இனஎழுத்துச் சேர்க்கைகளிலும் அப்படியே. 'மட்டக்களப்பு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பாமினியில் அதற்கு 11 அடிகள். கடைசி பு என்ற எழுத்துக்கு ஷிஃப்ட் விசையும் வேண்டும். தமிழ்99இல் ம, ட, ட, க, க, ள, ப, ப, உ என 9 அடிகள், ஷிஃப்ட் இல்லை. 'அம்பாறை' என்பதற்கு அ, ம, ப, ஆ, ற, ஐ என 6 அடிகள் போதும். தானாக விழும் புள்ளி வேண்டாத இடங்களும் உண்டு. 'பப்பாளி' என்று எழுத முதல் ப அடித்தவுடன் அ என்ற விசையை ஒருமுறை தட்டிப் பிரித்துவிட்டுத் தொடர வேண்டும். இந்தத் தந்திரம் தெரியாததாலேயே தமிழ்99 பிழையாக எழுதுகிறது என்று சிலர் ஒதுக்கிவிட்டார்கள். எல்லா மென்பொருள்களும் இந்தத் தானியங்கிப் புள்ளியை ஒரேமாதிரிச் செயற்படுத்துவதில்லை. நிறுவியவுடன் ட விசையை இருமுறை தட்டி ட்ட வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வேறு மென்பொருளைத் தேடுவது நல்லது, ஏனெனில் அந்த வசதி இல்லாத தமிழ்99இல் பாதிப் பயன் போய்விடுகிறது.

இதில் எதை உறுதியாகச் சொல்லலாம் என்றால், பெரும்பாலான தமிழ் வசனங்களுக்கு அடிகளின் எண்ணிக்கையும் ஷிஃப்ட் தேவையும் குறைகின்றன. அதை எண்ணியே பார்த்துவிடலாம். அதனால் நீங்கள் உங்கள் பாமினி வேகத்தைத் தாண்டுவீர்களா என்பது அவ்வளவு உறுதியில்லை. 12 ஆண்டுப் பழக்கம் சாதாரணமானதன்று. ஆங்கிலத்தில் 1936இல் காப்புரிமை பெற்ற டுவோராக் விசைப்பலகையைப் பற்றியும் இதே வாதம் உண்டு. வழக்கமான வரிசையைவிட அது எவ்வளவு வேகமானது என்பதில் ஆய்வாளர்கள் இன்றுவரை ஒன்றுபடவில்லை. மணிக்கட்டு வலி குறையும் என்று உங்களுக்கு யாரோ சொன்னதையும் ஐயத்தோடுதான் பார்க்கிறேன். மேசையின் உயரம், கதிரை, இடையிடையே கையை ஆறவிடுவது ஆகியவை சரியில்லாமல் விசைப்பலகையை மட்டும் மாற்றி வலி தீர்ந்தவரை நான் கண்டதில்லை; வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பழைய வேகத்துக்கு மீளும் காலம், நான் பழக்கியவர்களில், ஒரு மாதம் முதல் மூன்று மாதம்வரை ஆளுக்கு ஆள் வேறுபட்டது. நாள் முழுதும் பாமினி அடித்தவர்களுக்கே நீண்டகாலம் பிடித்தது. தமிழில் முன்பு தட்டச்சே செய்யாதவர்கள் மிக விரைவாகப் பழகினார்கள்.

என் கருத்தைக் கேட்டால், உங்கள் கடையில் நீண்ட வசனங்களை அடிக்கும் வேலை நாளின் பாதிக்கு மேல் இருக்குமானால் மாறுங்கள். பெரும்பாலும் அழைப்பிதழும் பதாகையும் படிவமும்தான் என்றால் மாறவேண்டிய கட்டாயம் இல்லை. பேஜ்மேக்கர் போன்ற பழைய வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோட் தமிழ் ஒழுங்காக வராது, அங்கே பாமினி தொடர்ந்து தேவைப்படும். மாறுவதென்று முடிவெடுத்தால், அந்த அழைப்பிதழ் வேலையை மூன்று வாரத்துக்கு வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் தமிழில் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் தமிழ்99இலேயே அடியுங்கள். கைப்பேசியிலும் அதே வரிசையை இடுங்கள். விசைகளின்மேல் எழுத்து ஒட்டாதீர்கள், விசையைப் பார்த்தே அடிக்கும் பழக்கம் அதனால் வந்துவிடும். வரிசையின் படத்தைத் திரையின் அருகே சுவரில் ஒட்டினால் போதும். ஆங்கிலத்துக்கு இப்போதுள்ள வரிசையையே வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் ஒரு வரிசையிலும் ஆங்கிலம் வேறொன்றிலும் இருப்பதால் குழப்பம் வருவதில்லை. தமிழுக்குள்ளேயே இரண்டு வரிசைகளை வைத்திருப்பதுதான் விரலைத் தடுமாறவைக்கும். முதல் நான்கைந்து நாள்கள் மிகவும் சினம் தரும். ஐந்து மடங்கு நேரம் எடுக்கிறதே என்று மனம் சோரும். அந்த நாள்களில் வாடிக்கையாளர் காத்திருக்கும் வேலையை ஏற்காதீர்கள்.

பழைய கோப்புகளை உடனே மாற்றப் புறப்படாதீர்கள். மாற்றிகள் பெரும்பாலும் நன்றாகவே செய்கின்றன, ஆனால் இரண்டு பிழைகள் விடாமல் வரும். பாமினியில் 'ர்' என்பதற்குப் பலரும் துணைக்காலையும் (ா) புள்ளியையும் சேர்த்து அடிப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், மாற்றிய பின்னர் அது ர் ஆகாமல் காலும் புள்ளியுமாகவே கிடக்கும், தேடினால் அகப்படாது. அதேபோல் கௌரவம் என்பது 'கெளரவம்' என்று ள எழுத்தோடு வந்து நிற்கும். இவ்விரண்டையும் தேடித் திருத்திய பின்னரே கோப்பைக் கொடுங்கள். மூலக் கோப்புகளைப் பாமினியிலேயே ஒரு தனி வட்டில் வைத்திருங்கள். யாராவது ஒன்றைக் கேட்கும்போது அதை மட்டும் மாற்றிக்கொடுத்தால் போதுமானது.

இனி வண்டி. எம்.டி. 90 என்பது ஜப்பானிய அஞ்சல் துறைக்கென ஹொண்டா செய்த வண்டி, 90 சி.சி.க்குச் சற்றுக் குறைந்த ஒற்றைச் சிலிண்டர், மூன்று கியர், கையில் கிளச் பிடியில்லை. கடிதம் சுமந்து வீடு வீடாக நின்று நின்று ஓடுவதற்காகச் செய்யப்பட்டதால் அதன் எஞ்சின் நல்ல உறுதியானது. பல ஆண்டு நின்றாலும் எளிதில் கெட்டுவிடாது. நான் அஞ்சுவது எஞ்சினுக்கு அல்ல, உடலுக்கே. எழுவான்கரையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்று ஆண்டு முழுதும் உண்டு. அழுத்திச் செய்த தகட்டு உடல் என்பதால் சேறும் நீரும் உள்ளே தங்கி, கறள் உள்ளிருந்து வெளியே வரும். மேல் வர்ணம் நன்றாக இருக்கும்போதே உள்ளே தகடு தின்னப்பட்டிருக்கலாம். ஆகவே முதல் வேலையாகப் பற்றரிப் பெட்டியைச் சுற்றியும், பின்சில்லுக் கவை உடலோடு சேரும் இடத்திலும், கால்மிதி பூட்டிய இடத்திலும் ஒரு பழைய திருப்புளியின் முனையால் அழுத்தித் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தாலோ முனை உள்ளே இறங்கினாலோ, பின்கவை சேரும் இடம் பாதிக்கப்பட்டிருந்தாலோ, வேறெதற்கும் பணம் செலவழிக்குமுன் வெல்டிங் தெரிந்த ஒருவரிடம் நேரில் காட்ட வேண்டும். நீங்கள் இணைத்த படத்தை வைத்து இதைத் தீர்ப்பது நேர்மையாகாது. தட்டிப் பார்க்கும் கையே சொல்ல வேண்டியது இது.

இதற்கும் முந்திய ஒன்று உண்டு. பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் வண்டியில் பொறித்திருப்பவற்றோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பல ஆண்டு ஓடிய வண்டிகளில் இடையில் எஞ்சின் மாற்றப்பட்டுப் புத்தகத்தில் பதியப்படாமல் போவதுண்டு. வண்டி இன்னும் தந்தையாரின் பெயரில்தான் இருக்கும்; உரிமை மாற்றம், வருடாந்த வரிப்பத்திரம், புகைச் சான்றிதழ், காப்புறுதி ஆகியவற்றுக்கு என்னென்ன வேண்டும் என்பதைப் பிரதேச செயலகத்திலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்திலும் விசாரித்து அறிந்த பிறகே ஸ்பானரைக் கையில் எடுங்கள். உடலையும் எஞ்சினையும் அழகாக்கிவிட்டு, வீதியில் ஓட்ட முடியாமல் வீட்டுக்குள் வைத்திருப்பவர்கள் நம் பகுதியில் சிலர் இருக்கிறார்கள்.

எஞ்சினைப் பொறுத்தவரை, கிக்கரை மிதித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் ஒயில் வடிக்கும் போல்ட்டை மெல்லத் தளர்த்துங்கள். நீர் புகுந்திருந்தால் அது கனமானதால் அடியில் தங்கி முதலில் வெளிவரும். ஒயில் பால் கலந்த தேநீர்போல் மங்கலாக இருந்தாலும் நீர் கலந்ததென்றே பொருள். உங்கள் தாழ்வாரத்தில் வெள்ளம் ஏறியதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அப்படி நீர் கண்டால் பேரிங்குகள் கறள் பிடித்திருக்கும், அந்த நிலையில் மட்டும் எஞ்சினைப் பிளப்பது நியாயம். நீர் இல்லையென்றால் பிளக்கைக் கழற்றி, அத்துளையால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயிலை ஊற்றி ஓரிரு நாள் விடுங்கள். பிறகு புதிய ஒயில் நிரப்பி, பிளக் இல்லாமலே, கிக்கரைக் காலால் அல்லாமல் கையால் மெதுவாக அழுத்துங்கள். எங்காவது பிடித்தால் வலுக்கட்டாயம் செய்யாமல் மீண்டும் ஒயில் விட்டுக் காத்திருங்கள். தடையின்றிச் சுழன்றால் சிலிண்டரைத் திறக்கவே தேவையில்லாமல் போகலாம். போர் அடித்து (சிலிண்டரின் உட்புறத்தை அகலக் கடைந்து) ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதை, வண்டி ஓடிப் புகையையும் அமுக்கத்தையும் பார்த்த பின்னர், அளவெடுத்தே தீர்மானிக்க வேண்டும். 'எதற்கும் ஒருதரம் போர் அடித்துவிடுவோம்' என்று கராஜில் சொன்னால் இணங்காதீர்கள். சிலிண்டரை எத்தனை முறையும் அகலப்படுத்திக்கொண்டே போக முடியாது.

ஒயிலைப் பற்றி இன்னொரு செய்தி. இந்த வண்டியில் கிளச்சும் அதே ஒயிலில்தான் நனைகிறது. ஆகவே நான்கடி (4-ஸ்ட்ரோக்) மோட்டார் சைக்கிளுக்குரிய ஒயிலையே ஊற்றுங்கள், கார் ஒயில் கிளச்சை வழுக்கவைக்கலாம். அளவு ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவு. அளவுகோலைப் பார்த்து நிரப்புங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கிய முதற் கிழமையிலேயே அதை வடித்து மறுபடி மாற்றுங்கள், ஏனெனில் ஆண்டுக்கணக்கில் படிந்த கசடு சூட்டில் கரைந்து இறங்கும்.

தீப்பொறியும் எரிபொருளும் அடுத்தவை. நின்ற வண்டிகளில் பெரும்பாலான கோளாறுகள் இவ்விரண்டில்தான் இருக்கும். பழைய தயாரிப்புகளில் தீப்பொறிக்குப் பொயின்ற் என்னும் தொடுமுனை இருக்கும், பிந்தியவற்றில் அதற்குப் பதிலாகச் சிடிஐ என்னும் மின்னணுப் பெட்டி; மின்சாரமும் 6 வோல்ற், 12 வோல்ற் என வேறுபடும். மின்குமிழில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் பற்றரி வாங்காதீர்கள். பொயின்ற் உள்ளதென்றால் அதன் முகத்தில் மெல்லிய படலம் படிந்திருக்கும். நுண்ணிய மணற்தாளால் துடைத்து இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர்வரை வையுங்கள். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, 0.05 மில்லிமீற்றர். பிளக்கை எஞ்சின் தலையில் தொடவைத்துப் பொறியைப் பார்க்கும்போது அருகே பெற்றோல் இருக்கக் கூடாது. பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றருக்குள் பழைய பெற்றோல் பசையாய் உறைந்திருக்கும். அதிலுள்ள ஜெட்டின் (பெற்றோல் வரும் நுண்குழாயின்) துளையை இரும்புக் கம்பியால் குத்தாமல், கிளீனரில் ஊறவைத்து, தூண்டில் நரம்பின் துண்டொன்றால் சுத்தம் செய்யுங்கள். துளை சிறிதே அகன்றாலும் கலவை கெட்டுவிடும். இறப்பர் வளையங்களைக் கிளீனரில் போடாதீர்கள்.

தாங்கியில் கறள் இருந்தால் கடையில் விற்கும் வினாகிரியே போதுமான மருந்து. நிரப்பி ஒரு நாளோ இரு நாளோ விட்டு, சில சிறு நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, வடித்து, அப்பச்சோடா கலந்த நீரால் கழுவி, வெயிலில் நன்றாக உலர்த்தி, உடனேயே சிறிது ஒயில் விட்டு உட்புறம் எங்கும் படரவிடுங்கள். போட்ட நட்டுகளை எண்ணியே வெளியே எடுங்கள். உலர்த்துவதற்கும் ஒயில் விடுவதற்கும் இடையே தாமதம் கூடாது. நம் ஈரக்காற்றில் சுத்தமான இரும்பு அன்றைக்கே மறுபடி சிவந்துவிடும். தாங்கியில் ஓட்டை இருந்து வெல்டிங் வேண்டுமானால் நீங்களாகச் செய்யவே வேண்டாம். பெற்றோலை வெளியே வடித்துவிட்டாலும் உள்ளே ஆவி நிற்கும், தீப்பட்டால் தாங்கி வெடித்து உயிரையே எடுக்கும். இது அனுபவமுள்ளவர் முன்னேற்பாட்டோடு செய்யவேண்டிய வேலை.

கழற்றும்போது கவனிக்கவேண்டிய ஒரு நுட்பம் பலருக்குத் தெரிவதில்லை. ஜப்பானிய வண்டிகளின் குறுக்குத் தலைத் திருகாணிகள் நாம் கடையில் வாங்கும் சாதாரண நட்சத்திரத் திருப்புளிக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜப்பானியத் தரத்துக்கான திருப்புளி ஒன்றை வாங்குங்கள். இரும்புத் திருகாணி அலுமினிய உறையில் உப்பால் இறுகியிருக்கும். ஊடுருவும் ஒயில் விட்டு ஓரிரவு வைத்து, சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பக்ட் டிரைவரால் தளர்த்துங்கள். கழற்றிய ஒவ்வொன்றையும் படம் எடுத்து, சிறு உறையில் இட்டுப் பெயரெழுதி வையுங்கள். புதிய உதிரிப்பாகம் பூட்டிச் சில வாரம் ஓடும்வரை பழையதை எறியாதீர்கள்; மூலப் பாகங்களின் உலோகம் சந்தையில் இப்போது கிடைக்கும் பலவற்றைவிட நல்லது.

எஞ்சின் சத்தம் கேட்டவுடன் வீதிக்குப் போக மனம் துடிக்கும். அதற்கு முன் டயரும் பிரேக்கும் பார்க்கப்பட வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. தேயாமல் இருந்தாலும், வெடிப்புக் கண்டிருந்தால் டயரையும் ரியூபையும் மாற்றுங்கள். பிரேக் ஷூவில் ஒட்டிய பட்டை, பசை காய்ந்து முழுதாகக் கழன்று வருவதுண்டு. ஓடும்போது அது கழன்றால் சில்லு இறுகிவிடும். பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இருக்கலாம் என்பதால் தூசியை ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள். கேபிள்களைப் புதிதாக்குங்கள், விலை சிறிது, அறுந்தால் வரும் கேடு பெரிது.

வர்ணத்தைப் பற்றி மட்டும் உங்களோடு உடன்படவில்லை. புதிதுபோல் பளபளக்கும் குரோமும் வர்ணமும் வேண்டும் என்கிறீர்கள். மலிவான குரோம் பூச்சு உப்புக்காற்றில் விரைவில் கொப்பளித்து உரியும். தந்தையார் ஓட்டிய வண்டியின் சிவப்பு வர்ணம் மங்கியிருந்தாலும் உறுதியாய் ஒட்டியிருக்குமிடத்தில் அதை விட்டுவிடுவதே என் விருப்பம். கறள் பிடித்த பகுதியை மட்டும் சுரண்டி, கறள் தடுப்புப் பூச்சு இட்டு, நிறத்தைப் பொருத்துங்கள். இது ரசனை சார்ந்தது, உங்கள் முடிவே இறுதியானது. ஆனால் எதைச் செய்தாலும் மாரியில் வர்ணம் அடிக்காதீர்கள். ஈரம் அடியில் சிக்கிக்கொண்டால் எத்தனை பூச்சு அடித்தும் பயனில்லை.

காலக்கணக்கை இப்படிப் பிரியுங்கள். ஐப்பசியில் பத்திரங்களைச் சரிபார்த்து, உடலைத் தட்டிப் பார்த்து, வெயில் கிடைக்கும் நாளில் தாங்கியைச் சுத்தம் செய்யுங்கள். கார்த்திகை மழையில் காபரேற்றர், பொயின்ற், பிரேக் ஆகியவற்றைத் தாழ்வாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் திறந்து வைக்காதீர்கள். மார்கழியில் நம்மவர்கள் திருமணம் வைப்பதில்லை, தைத் திருமணங்களுக்கான அழைப்பிதழ் குவியும்வரை உங்கள் கடைக்குச் சற்று ஓய்வுண்டு. தவணைப் பரீட்சை வினாத்தாள்களும் முடிந்திருந்தால் தமிழ்99க்கு மாற அதைவிட நல்ல காலம் கிடைக்காது. அந்த மூன்று வாரமும் வண்டியைத் தொடாதீர்கள், ஏனெனில் நாள் முழுவதும் புதிய வரிசையோடு மல்லுக்கட்டிய கைக்கு மாலையில் நுண்ணிய திருகாணி வேலை பொறுமையைச் சோதிக்கும். மாசியில் மழை ஓய்ந்து தகடு உலர்ந்த பிறகு வெல்டிங்கும் வர்ணமும் செய்யலாம். இதற்கிடையில் திருப்புளியால் தட்டிப் பார்த்த பிறகு, பின்சில்லுக் கவை சேரும் இடத்தையும் பற்றரிப் பெட்டியின் அடிப்புறத்தையும் வெளிச்சத்தில் அருகிலிருந்து படமெடுத்து, வடித்த ஒயில் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்து எழுதினால், எஞ்சினைத் திறக்க வேண்டுமா என்பதை மேலும் தெளிவாகச் சொல்கிறேன்.